அண்ணனின் குண்டானைக் கவிழ்த்தவள்

எங்கள் குப்பத்தில் ஆண்பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது வீட்டில் பாத்திரத்தைக் கவிழ்க்கக் கூடாது. கவிழ்த்தால் அங்கே படகு கவிழும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தவழும் வயதில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து விளையாடி, முதுகில் ஒன்று வாங்கித் தெரிந்துகொள்வோம். கழுவின சட்டி பானைகளை நிமிர்த்தியோ ஒருக்களித்தோதான் வைப்போம். ஆள் கரையேறி, வலையை இறக்கி, கால் கழுவி உள்ளே வந்த பிறகுதான் வீட்டுப் பெண் அவற்றை வாசலில் கவிழ்த்துக் காயவைப்பாள். தெருவில் நடந்து போனாலே எந்த வீட்டுக்காரர் வந்துவிட்டார், எந்த வீட்டில் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. விடியலில் போனவர்கள் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார்கள். தொல்லையெல்லாம் என் அம்மாவுக்குத்தான். அவள் பெற்ற பிள்ளை நேவியில் சேர்ந்துவிட்டான். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கிறவனுக்காக ஒரு வீட்டுப் பாத்திரம் முழுவதையும் நிமிர்த்தியே வைத்திருந்தால் குடித்தனம் நடத்துவது எப்படி? அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அண்ணன் சின்ன வயதில் கஞ்சி குடித்த அலுமினியக் குண்டான் ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டு பேருக்குச் சோறு வேகும் அளவு. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதை அண்ணனுக்கென்று ஒதுக்கி, வாசல்படிக்கு உள்பக்கம் ஒரு கை தண்ணீர் ஊற்றி நிமிர்த்தி வைத்தாள். அவன் லீவில் வரும் நாளில் அது கவிழும். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறியதும் நிமிர்ந்துவிடும்.

அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. கப்பலில் அவனுக்குச் சமையல்கட்டில் வேலை. சிப்பாய் உடுப்பு போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறேன் என்று அவனே தன்னைக் கிண்டல் செய்துகொள்வான்.

"யம்மா, நான் கப்பல்ல தினம் நாப்பது பாத்திரம் கழுவிக் கவுக்கறேன். நீ இங்க ஒத்தக் குண்டானை வெச்சிக்கினு பேஜாரு பண்றியே" என்பான்.

"அது கவர்மெண்டு பாத்திரம். இது ஊட்டுப் பாத்திரம்" என்பாள் அம்மா. அதற்கு மேல் வாதாட இடமில்லை.

நாங்கள் சிரிப்போம். நைனா சிரிக்க மாட்டார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். குண்டான் யோசனை அம்மாவுடையதுதான் என்றாலும், அதில் பிடிப்பு அதிகம் இருந்தது நைனாவுக்கு. அவருடைய அப்பா முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர். அதனால் குண்டானில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்ப்பார். வற்றியிருந்தால் யாரையும் ஏவாமல் தானே ஊற்றுவார்.

எழுபத்தொன்றாம் வருடக் கடைசியில் சண்டை வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. சண்டை எங்கோ வடக்கே நடந்தது. ஆனாலும் எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்த விதம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பஸ்களின் ஹெட்லைட்டில் மேல்பாதிக்குக் கறுப்பு பூசினார்கள். பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடிகளில் நாங்கள் பசை காய்ச்சிப் பழைய பேப்பர் ஒட்டினோம். தண்ணீருக்கு அடியில் ஓடும் கப்பல் ஒன்று நம் பக்கக் கடலில் சுற்றுகிறது என்று பேச்சு கிளம்பியது. அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் மிதக்கிற கட்டையை எல்லாம் கப்பல் என்றார்கள். கடலுக்குப் போகக் கூடாது, ஏரியில் மட்டும் வலை போடலாம், இருட்டுவதற்குள் கரையேறிவிட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிப்போனார்கள். கிருஷ்ணாயிலுக்கு நீண்ட வரிசை. பாதிப் பேருக்கு மேல் வெறும் டின்னோடு திரும்பினார்கள்.

டீக்கடை ரேடியோவுக்கு முன்னால் ஆண்கள் கூடி நிற்பார்கள். பெண்கள் அங்கே நிற்கும் வழக்கமில்லை. அம்மா மீன்கூடையை எதிர்ப்பக்கம் இறக்கி வைத்துவிட்டு, கூடையில் எதையோ சரி செய்கிறவள் போலக் குனிந்தபடி செய்தி முழுவதையும் கேட்பாள். கப்பல் என்ற சொல் வந்தால் கை நின்றுவிடும். வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் சொல்லலை" என்பாள். அந்த ஒண்ணும் சொல்லலைதான் எங்களுக்கு அன்றைய நல்ல செய்தி.

பொழுது சாய்ந்தால் கரையோரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது என்பது உத்தரவு. குப்பத்தில் கரண்ட் கிடையாது. இருந்ததெல்லாம் சிம்னி விளக்குதான். அதைக்கூட எதிரி கடலில் இருந்து பார்த்துவிடுவான் என்றார்கள். எங்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் இதற்குத் தொண்டராக வந்தார். கழுத்தில் விசில், கையில் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச். சாயங்காலம் விசில் ஊதிக்கொண்டு மணலில் நடப்பார். விளக்கை அணையுங்கள், அணைக்க முடியாவிட்டால் மூடி வையுங்கள் என்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

எனக்கு அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கணக்கு. நான் கணக்கில் மட்டு. நைனா ஏரியிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா கிருஷ்ணாயில் வரிசைக்குப் போயிருந்தாள். நான் வாசல் பக்கம் விளக்கை வைத்துக்கொண்டு, அதன் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே மீன்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, கூடைக்கு அடியில் கசிகிற வெளிச்சத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கூடையைக் கவிழ்க்கலாம். தண்ணீர் நிற்காத எதையும் கவிழ்க்கலாம். அதெல்லாம் எங்களுக்குத் தெளிவாக வகுத்த சட்டம்.

விசில் வந்தது. பிறகு குரல் வந்தது. "அந்த மூணாவது ஊடு, லைட்டு தெரியுது பாரு. கூடையில அத்தனையும் ஓட்டை."

கூடைப் பின்னல் வழியாக வெளிச்சம் சுவரெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஊதி அணைத்திருக்கலாம். ஆனால் அணைத்தால் மறுபடி பற்றவைக்கத் தீக்குச்சி இல்லை. இன்னும் நான்கு கணக்கு பாக்கி. விசில் மறுபடி, இன்னும் கிட்டத்தில். கூடையைத் தள்ளிவிட்டுக் கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். தண்ணீர் என் பாவாடையில் கொட்டியது. செங்கல்மேல் கவிழ்த்தேன். வெளிச்சம் அடங்கியது. "சரியா போச்சு" என்று வெளியே குரல் கேட்டு நகர்ந்து போனது.

பாவாடை நனைந்தது ஏன் என்று யோசித்தபோதுதான் கையில் எடுத்தது எது என்று தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து அம்மா டின்னோடு உள்ளே வந்தாள். செங்கல்மேல் குண்டானைப் பார்த்தாள், என் ஈரப் பாவாடையைப் பார்த்தாள். டின்னைக் கீழே வைத்துவிட்டுக் குண்டானிடம் குனிந்தாள். அவள் கை அதைத் தொடுவதற்குள் நைனா வாசலில் நின்றார். தோளில் வலை, மேலெல்லாம் தண்ணீர்.

"யாரு கவுத்தது?"

சத்தமாகக் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"நான்தான்யா" என்றாள் அம்மா. "லைட்டு தெரியுதுன்னு கத்தினாங்க. கைக்கு இதுதான் வந்துது."

அன்றைக்கு அது ஒரு சின்னப் பொய். பிள்ளைக்கு விழ வேண்டிய அடியைத் தாய்மார்கள் தடுக்கிற பொய். எல்லா வீட்டிலும் வாரத்துக்கு நான்கு முறை நடக்கிறது. நைனா வலையை இறக்கினார். குண்டானை எடுத்தார். அடிப்பாகம் கரிபிடித்துச் சூடாக இருந்திருக்க வேண்டும், ஆனாலும் விடவில்லை. துடைத்து, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, பழைய இடத்தில் வைத்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். அவள் இருந்தாள் என்றால் குப்பமே இருந்தது என்று அர்த்தம். நான் மீதி நான்கு கணக்கையும் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து டீக்கடை ரேடியோ மேற்குக் கடலில் நம் கப்பல் ஒன்று மூழ்கியதாகச் சொன்னது. அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லலை என்று சொல்லவில்லை. நேவியில் எத்தனையோ கப்பல் இருக்கிறது என்று நைனா சொன்னார். பொன்னேரிக்குப் போய்த் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மறுநாளும் போனார். அதற்கும் மறுநாள் அவர் போயிருந்தபோது தந்தி நேராகக் குப்பத்துக்கே வந்துவிட்டது.

தந்தியை வாங்கி வைத்துக்கொண்டு நைனா திரும்பும்வரை உட்கார்ந்திருந்தோம். படிக்க டிரில் மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு முறை மனதுக்குள் படித்தார். பிறகு சொன்னார்.

"காணலைன்னு போட்டிருக்காங்க."

"காணலைன்னா தேடறாங்களா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"தேடுவாங்கம்மா."

"எந்த நாள்னு கீது?" என்று நைனா கேட்டார்.

டிரில் மாஸ்டர் தேதியைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு அது வெறும் தேதி. என் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள். நைனா தலையைத் திருப்பி வாசல்படிப் பக்கம் இருந்த குண்டானைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். நான் மட்டும் பார்க்கவில்லை. எந்த வேளை என்று தந்தியில் இல்லை. அந்த ஒரு விவரம் இருந்திருந்தால் எங்கள் வீடு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் என்று இருந்தால் நான் தப்பித்தேன்.

சில நாளில் சண்டை முடிந்தது. ஜெயித்துவிட்டோம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். என் கையில் வைக்கும்போது டீச்சர் கொஞ்சம் தயங்கினார். நான் வாங்கிக்கொண்டேன். இரண்டையும் சாப்பிட்டேன். புளிப்பும் இனிப்புமாக நன்றாக இருந்தது. பன்னிரண்டு வயது நாக்கு அப்படித்தான். இன்றைக்கும் யாராவது என்னிடம் அந்தச் சண்டையின் வெற்றியைப் பற்றிப் பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது. அவர்கள்மேல் தப்பில்லை. எனக்கு அந்த மிட்டாய் நினைவுக்கு வருகிறது.

தந்தி வந்த மறுநாள் அம்மா சோறு வடித்து, குழம்பு ஊற்றித் தட்டை நைனா முன்னால் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். கை வைக்கவில்லை. எழுந்து போய்விட்டார். துக்கத்தில் யாருக்குத்தான் இறங்கும் என்று நினைத்தோம். அடுத்த வேளையும் அப்படியே. மூன்றாவது வேளை அவரே வந்து உட்கார்ந்தார். அம்மா கரண்டியை எடுத்ததும், "பாப்பா, நீ போடு" என்றார்.

நான் போட்டேன். அவர் சாப்பிட்டார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அடிக்கவில்லை, ஏசவில்லை, ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. அம்மாவிடம் பேசாமலும் இல்லை. வலைக்கு நூல் வேண்டும், கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும் என்றெல்லாம் பேசுவார். அவள் கையால் மட்டும் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டார். தண்ணீர்கூடக் குடத்தில் தானே மொண்டு குடிப்பார். ஆக்குவது அம்மாதான். அது அவருக்குத் தெரியும். ஆனால் தட்டில் விழுவது என் கையால் விழ வேண்டும். என் கை சுத்தம் என்று அவர் நினைத்தார். எட்டு வருடம், அண்ணனின் குண்டானைக் கவிழ்த்த கையாலேயே அவர் சாப்பிட்டார். முதல் நாள் நான் போட்ட சோற்றில் பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. ஒரு மாதத்தில் ஒரு பருக்கை சிந்தாமல் போடப் பழகிவிட்டேன். அதற்காகத்தான் என்னை நானே அதிகம் வெறுத்தேன்.

குப்பத்துப் பெண்களும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் படகு இறக்கும்போது மஞ்சள் தண்ணீர் தெளிக்க அம்மாவைக் கூப்பிடுவதை விட்டார்கள். விடியலில் ஆண்கள் வலையோடு இறங்கும் நேரம் அவள் தெருவில் வந்தால் இரண்டு பேர் நின்று, அவள் தாண்டிப் போன பிறகு நடந்தார்கள். அம்மா அதைக் கவனித்துவிட்டு, படகெல்லாம் போகும்வரை வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டாள். அதற்குள் என்ன வேலை இருந்தாலும் உள்ளேயே இருப்பாள். கழுவாத பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே சத்தம் அடங்கக் காத்திருப்பாள்.

ஒரு வருடம் போல இருக்கும். ஏரிக்கரையில் அம்மாவும் நானும் மடவை மீன் செதில் சீவிக்கொண்டிருந்தோம். என்னால் முடியவில்லை. "இன்னிக்கு நைனாகிட்ட சொல்லிடப் போறேன்" என்றேன்.

அம்மா கை வேலையை நிறுத்தவில்லை.

"இன்னான்னு சொல்லுவே?"

"நான்தான் கவுத்தேன்னு."

"சொல்லு. அப்புறம்?"

அப்புறம் என்ன என்று நான் யோசித்திருக்கவில்லை.

"தோ, பாரு. அவருக்கு இப்ப ஒரு புள்ளதான் இருக்குது. அதையும் நீ அவர்கிட்டேருந்து புடுங்காதே." மீனைத் திருப்பிப் போட்டாள். "நான் பொண்டாட்டி. என்மேல கோவத்தை வெச்சிக்கினு இருந்தா இருந்துட்டுப் போறாரு. உன்மேல வெச்சாருன்னா நீ எங்க போவே? அவரு யாரு கையால துன்னுவாரு?"

"உனக்குக் கஷ்டமா இல்லியாமா?"

"இருக்குது" என்றாள். செதில் ஒட்டிய கையோடு முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அரசாங்கத் தாள் ஒன்று வந்தது. இறந்ததாகக் கருதப்படுகிறது என்று அதில் இருந்ததாம். நைனா அதை ஒத்துக்கொள்ளவில்லை. காணலை என்று முதலில் சொன்னவர்கள் இப்போது எதைப் பார்த்துச் செத்தான் என்கிறார்கள் என்று கேட்டார். கருமாதி செய்ய மாட்டேன் என்றுவிட்டார். குண்டான் நிமிர்ந்தே இருந்தது. தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார். கொட்டும்போதுகூடக் கவிழ்க்க மாட்டார். சாய்த்துத்தான் கொட்டுவார்.

நான் பள்ளிக்கூடம் முடித்தேன். கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், கிடைக்கவில்லை. மெஷினில் அழுத்தி வருகிற குண்டான்களையும் டேக்சாக்களையும் மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவிப் பலகையில் அடுக்கிக் காயவைக்க வேண்டும். எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் அடுக்க வேண்டும். முதல் நாள் முதல் குண்டானை வைத்திருந்த கை நகரவில்லை. சூப்பர்வைசர் வந்து, "இன்னாம்மா, தூக்கமா?" என்றார். கவிழ்த்தேன். சாயங்காலத்துக்குள் முந்நூறுக்கு மேல் கவிழ்த்திருப்பேன். பஸ்ஸில் வரும்போது அண்ணனின் நாற்பது பாத்திரம் நினைவுக்கு வந்தது. நான் இந்த நம்பிக்கையையெல்லாம் அன்றைக்கே விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இன்றுவரை என் வீட்டில் ஒரு பாத்திரமும் கவிழ்ந்து இருக்காது.

எழுபத்தொன்பதில் ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு நாள். பொன்னேரிக்கு அப்புறம் பஸ் ஓடுமோ ஓடாதோ, பெண் வழியில் மாட்டிக்கொள்வாளே என்று நைனா என்னைக் கூட்டிப்போகக் கம்பெனிக்கே வந்துவிட்டார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. மழைக்கு ஒதுங்க வாட்ச்மேன் அவரை ஷெட்டுக்குள் விட்டிருந்தார். நான் வேலை முடித்துக் கையைத் துடைத்தபடி வந்தபோது, அவர் பலகைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் கவிழ்ந்த குண்டான்கள்.

"எல்லாத்தையும் கவுத்துத்தான் வெப்பீங்களா பாப்பா?"

"ஆமா நைனா."

"தினமா?"

"தினம்தான்."

கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்க வேலை செய்றவங்க ஊட்ல கடலுக்குப் போறவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க நைனா. ரெண்டு மூணு பேரு."

"நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைவிடச் சொல்ல ஏற்ற இடம் உலகத்தில் இல்லை. சொல்லவில்லை. அம்மாவின் வார்த்தை ஒரு சாக்கு. பயம்தான் நிஜம். வழியெல்லாம் ஒரே குடையில் வந்தோம். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். நான் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். வழக்கமாக உட்கார்ந்ததும் "பாப்பா" என்று ஒரு குரல் வரும். அன்றைக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைத் தொட்டாள். எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை. எட்டு வருடப் பழக்கம் என் காலை இழுத்துக்கொண்டு போனது. பிழிந்த புடவையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், அம்மா தொட்டுக்கொண்டிருந்த கரண்டியை நானே எடுத்து, நைனாவுக்குச் சோறு போட்டேன். அவர் குனிந்து சாப்பிட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் நான் புடவையைப் பிழிந்துகொண்டே இருந்திருந்தால் போதும். குண்டானைக் கவிழ்த்ததற்காக அழுததைவிட நான் இதற்காக அழுததுதான் அதிகம். அதில் நான் சின்னப் பெண். இதில் எனக்கு இருபது வயது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் நைனா குண்டானுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீரில் போகாமல் தரையில் போனாரே என்று எல்லோரும் அதைக்கூட ஒரு ஆறுதலாகச் சொன்னார்கள்.

குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். ஒவ்வொருத்தியும் தன் குறையைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது அப்போது தானாக வாய்க்கு வந்துவிட்டது.

"நைனா, நான்தான் கவுத்தேன் நைனா. அம்மா இல்ல. விளக்கை மூட நான்தான் எடுத்துக் கவுத்தேன். அம்மா கையால நீ சாப்பிட்டிருக்கலாமே நைனா."

குப்பமே அங்கே இருந்தது. எல்லோர் காதிலும் விழும்படி நான்கு முறை, ஐந்து முறை சொன்னேன். யாருடைய அழுகையும் நிற்கவில்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்த்து முகம் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள்.

"பாவம், ஆத்தாமேல பழி வேணாம்னு பொண்ணு தன்மேல எடுத்துப் போட்டுக்குது" என்று அடுத்தவளிடம் சொன்னாள். "நல்ல பொண்ணு."

சாவு வீட்டில் அழுதுகொண்டே சொல்வதை உண்மையாக எடுத்துக்கொள்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. சொல்ல வேண்டிய நேரமெல்லாம் போன பிறகு, நம்ப முடியாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். என் முறை வந்ததும் அரிசித் தட்டைக் கையில் எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ தள்ளு. இன்னிக்கு நான் போடறேன்."

தட்டை வாங்கிக்கொண்டு நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு பிடி அள்ளி அவர் வாயில் வைத்தாள். பாதி வழிந்து கன்னத்தில் ஒட்டியது. ஒட்டிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி வாயிலேயே போட்டாள். இன்னொரு பிடி அள்ளினாள். நேரமாகிறது, போதும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அம்மா திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் துன்னுய்யா" என்று நைனாவிடம் சொன்னாள்.